சடையாண்டிக்கு வந்த போன்

சார், நீங்க அந்த ஜன்னலோரம் தள்ளி உக்காந்துக்கங்க. எனக்கு ஜன்னல் வேணாம். மடியில பை இருக்கு. பஸ் நிக்கிற எடத்துல எவனாவது கையை விட்டு இழுத்துட்டு ஓடிட்டான்னா? நடந்திருக்கு சார். எங்க தெருவுல நடக்கல, ஆனா நடந்திருக்கு.

திண்டுக்கல்தானே நீங்களும்? நல்லது. வத்தலக்குண்டுல ஏறும்போதே பார்த்தேன், உங்க மூஞ்சியில ஒரு நிதானம் இருந்துச்சு. அதான் பின்னாடி அத்தனை சீட்டு காலியாக் கெடந்தும் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். தப்பா நெனைக்காதீங்க. பையை இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கேனேன்னு பார்க்காதீங்க. பயம்.

என் பேரு சடையாண்டி. கரண்டு ஆபீஸ்ல லைன்மேன். வர்ற சித்திரையோட ரிட்டயர்டு. லைன்மேனுக்கு என்னய்யா பயம்னு கேப்பாங்க. கொட்டுற மழையில போஸ்ட்ல ஏறுறவன்தான் நான். ஆனா ஏறுறவனுக்குத்தான் சார் பயம் இருக்கணும். எங்க செட்டுல ஒருத்தன் இருந்தான், 'இது செத்த கம்பிதாண்ணே'ன்னு கையை வச்சான். லைன் கிளியர் வாங்கல. லைன் கிளியர்னா என்னன்னா, சப்ஸ்டேஷன்ல இருக்கிற ஆளு 'லைனை ஆஃப் பண்ணியாச்சு, நீ தொடலாம்'னு வாயால சொல்லணும். அது வராம நான் ஒரு கம்பியையும் தொட்டதில்ல. அந்தப் பய தொட்டான். அவனைக் கீழ எறக்குனது நான்தான். அன்னியிலருந்து சொல்றேன், பயம்தான் என்னை உயிரோட வச்சிருக்கு.

பையில என்னன்னு நீங்க கேக்க மாட்டீங்க, பெரிய மனுஷன். நானே சொல்லிர்றேன். சொல்லக் கூடாதுதான். சொல்லலைன்னா நெஞ்சு அடைக்குது. வீட்டுப் பத்திரம் சார். பேங்க்குக்குப் போறேன். நாலு மணிக்குள்ள போகணும். எம்மக படிப்புக்கு வீட்டை வச்சு லோன்.

ஒரே மக. பிருந்தா. கரண்டு சம்பந்தமான இன்ஜினியரிங்தான் படிச்சா, அப்பன் புத்தி. இப்ப மேல படிக்கப் போறா, அயர்லாந்துல. காத்தாடியில கரண்டு எடுக்கிற படிப்பாம். தேனி பக்கம் பெரிய பெரிய காத்தாடி நிக்குதே, அதை இங்கயே படிக்கக் கூடாதா ஆத்தான்னு கேட்டேன். அங்க கடல்ல நட்டு வச்சிருக்காங்கப்பான்னா. கடல்ல போஸ்ட் நட்டா எர்த் எங்க குடுப்பாங்கன்னு கேட்டேன். அதைப் படிக்கத்தாம்ப்பா போறேன்னு சிரிச்சா. சிரிச்சது அப்ப. இப்பச் சிரிக்கிறதில்ல.

சீட்டு கெடைச்சிருச்சு சார். அதுல ஒண்ணும் குறையில்ல. ஃபீஸுதான். அந்த ஊர்ப் புள்ளைங்களுக்கு ஒரு ஃபீஸாம், வெளிநாட்டுல இருந்து போற புள்ளைங்களுக்கு வேற ஃபீஸாம். ஒரே பெஞ்சு, ஒரே வாத்தியாரு. கேட்டவுடனே எனக்குப் புரிஞ்சு போச்சு. வீட்டு இணைப்புக்கு ஒரு ரேட்டு, கடைக்கு ஒரு ரேட்டு நாங்க போடலையா? ஒரே கம்பியில ஓடுற ஒரே கரண்டுதானே? எம்மக அவங்களுக்குக் கடை இணைப்பு. சரி, ஊரு உலக வழக்கம், விடுங்க.

ஆனா ஸ்காலர்ஷிப்புன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. வெளிநாட்டுப் புள்ளைங்களுக்குன்னே. கெடைச்சா ஃபீஸ்ல பாதி தள்ளுபடி. மிச்சப் பாதியை என் பி.எஃப். பணத்தை வச்சு, பஞ்சவர்ணம் நகையை வச்சு (பஞ்சவர்ணம் என் வீட்டுக்காரி) எப்படியாவது பொரட்டிரலாம். வீட்டைத் தொட வேணாம். கெடைக்கலைன்னா வீடு. அவ்வளவுதான் சார் கணக்கு.

இவ பேரு அதுல கடைசி வரைக்கும் வந்துருச்சு. எதோ கட்டுரை எழுதி அனுப்பினா. நல்லாருக்குன்னு எடுத்துட்டாங்க. இனிமே அங்க இருந்து போன் பண்ணிப் பேசுவாங்களாம், பத்து நிமிஷம், புள்ள எப்படிப் பேசுதுன்னு பார்ப்பாங்களாம். வாட்ஸப்லயே கூப்பிடுவாங்கன்னு புள்ளைங்களை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புற கன்சல்டன்சி ஒண்ணு திண்டுக்கல்ல இருக்கு, அதுல சொன்னாங்க. இந்த வாரத்துக்குள்ள. வெள்ளிக்கிழமையோட சரி. இன்னிக்கு என்ன கெழமை? அதேதான்.

வரல சார். போன் வரவே இல்ல.

புள்ளை திங்கக்கிழமையில இருந்து போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. குளிக்கப் போனாக்கூட அவங்கம்மாகிட்டக் குடுத்துட்டு, 'அடிச்சா கதவைத் தட்டும்மா'ன்னுட்டுப் போறா. சாப்பிடும்போது இடது கையில போன். கண்ணாடி முன்னாடி நின்னு இங்கிலீஷ்ல பேசிப் பேசிப் பார்க்குறா. நேத்து அதையும் விட்டுட்டா. 'வீட்டை வைக்க வேணாம்ப்பா, நான் போகல'ன்னுட்டா. அழலை. அழுதிருந்தாக்கூடத் தேவலை. அந்தக் குரல்ல ஒண்ணுமே இல்ல சார்.

கன்சல்டன்சிக்குப் போன் போட்டேன். அங்க ஒரு பொண்ணு, எதைக் கேட்டாலும் 'வரும், வெயிட் பண்ணுங்க அங்கிள்'ங்கும். மெயில் கியில் எல்லாம் அவங்க கையிலதான். இன்னிக்குக் காலையில சொல்லுது, 'செலக்ட் ஆனவங்களுக்கெல்லாம் செவ்வாய்க்கெழமையே போன் வந்திருக்கும் அங்கிள், நீங்க முழு ஃபீஸுக்கு ஏற்பாடு பண்ணிருங்க, இல்லைன்னா சீட்டும் போயிரும்'. பாருங்க, பணக்காரன் வீட்டுப் புள்ளைக்கெல்லாம் அடிச்சிருப்பான். லைன்மேன் மகளுக்கு எவன் அடிப்பான்? வெள்ளைக்காரன்னா நேர்மையா இருப்பான்னு சொன்னாங்க. எல்லா ஊர்லயும் இதே கதைதான்.

டிக்கெட் எடுத்துட்டீங்களா? நானும் எடுத்துட்டேன். சட்டைப் பையில இருக்கு. இருக்கு, இருக்கு.

இதுல எனக்கு இன்னொரு தொல்லை சார். அதை வீட்லகூடச் சொல்லல. உங்ககிட்டச் சொல்றேன், திண்டுக்கல்ல எறங்கிட்டா நீங்க யாரோ நான் யாரோ.

என்னைய ஒரு கும்பல் கண்ணு வச்சிருக்கு.

சிரிக்காதீங்க. எங்க தெருவுல அல்போன்ஸ் சார்னு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். எவ்வளவு படிச்சவரு. அவருக்கு ஒருநாள் போன் வந்துச்சு. போலீஸுன்னான், சி.பி.ஐ.ன்னான், 'நீ டிஜிட்டல் அரெஸ்ட்டுல இருக்கே, ரூமை விட்டு வெளிய வராதே'ன்னான். மனுஷன் ரெண்டு நாளு கதவைச் சாத்திக்கிட்டு வீடியோ முன்னாடியே உக்காந்திருந்தாரு. ரிட்டயர்மெண்டுப் பணம் மொத்தத்தையும் உருவிட்டான். இப்ப போன் சத்தம் கேட்டாலே அந்த மனுஷனுக்குச் சட்டை நனையுது. நான் பார்த்தேன் சார், சர்ச்சுல மணி அடிச்சதுக்கே திடுக்கிட்டாரு. அதுக்கப்புறம் எங்க ஆபீஸ்ல போலீஸ்காரங்க வந்து ஒரு கூட்டம் போட்டாங்க. ப்ளஸ் போட்டு தெரியாத வெளிநாட்டு நம்பர் வந்தா எடுக்காதே. எடுத்தாலும் பேசாதே. பேரு, பிறந்த தேதி, பாஸ்போர்ட்டு எதைக் கேட்டாலும் வச்சுரு. நான் அதை மனப்பாடமா வச்சிருக்கேன்.

செவ்வாய்க்கெழமை மத்தியானம் எனக்கு வந்துச்சு சார்.

கொல்லைப் பக்கம் கை கழுவிட்டு இருந்தேன். வாட்ஸப்ல போன். ப்ளஸ் போட்டு நம்பர், மூணு அஞ்சு மூணுன்னு ஆரம்பிக்குது. ஈரக் கையோட எடுத்துட்டேன், புத்தி இல்லாம. ஒரு பொம்பளைக் குரல். வெள்ளைக்காரி மாதிரியே பேசுறா. மொத வார்த்தையே என்ன தெரியுமா? 'சடாயாண்டி?' என் பேரு! எங்கப்பன் ஆத்தா வச்ச பேரை எங்கயோ இருக்கிறவ சொல்றா சார். 'எஸ்'னு சொல்லிட்டேன். அவ மடமடன்னு என்னத்தையோ பேசுறா. எனக்கு ஒண்ணும் வெளங்கல, கடைசியில ஒண்ணு மட்டும் வெளங்குச்சு. 'டேட் ஆஃப் பர்த்' சொல்லுங்கிறா.

மாட்டுனியா! நான் ராங் நம்பர்னுட்டு வச்சுட்டேன். உள்ள எட்டிப் பார்த்தேன், பிருந்தா போனை மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கா. நான் ஒண்ணும் சொல்லல. ஏற்கெனவே கலங்கிப்போய்க் கெடக்கிற புள்ளை, இதைச் சொல்லி இன்னும் எதுக்குப் பயமுறுத்தணும்?

மறுநாள் அதே நேரம், அதே நம்பர். இந்தத் தடவை ஆம்பளைக் குரல். கும்பல்தானே, ஆளை மாத்துறாங்க. மறுபடியும் 'சடாயாண்டி?' ராத்திரி பூரா யோசிச்சு வச்சிருந்தேன் சார் நான். இவங்களை இவங்க வழியிலதான் மடக்கணும். குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கிட்டு, 'ஹலோ, திஸ் போலீஸ் ஸ்டேஷன். சடையாண்டி அரெஸ்ட். டோன்ட் கால்!' அப்படின்னேன். அந்தாளு 'சாரி?'ங்கிறான். 'அரெஸ்ட், அரெஸ்ட்! சடையாண்டி ஃபிராடு!'ன்னு சொல்லி வச்சுட்டு, நம்பரைப் பிளாக்கும் பண்ணிட்டேன். எப்படி?

நீங்க சிரிக்கலையே. மத்தவனா இருந்தா சிரிச்சிருப்பான்.

வியாழக்கெழமை பூரா போனை ஆஃப் பண்ணி அரிசி டிரம்முக்குள்ள போட்டு வச்சிருந்தேன். இன்னிக்குத்தான் எடுத்தேன், பேங்க்ல ஓ.டி.பி. வருமாம். ஆன் பண்ணினதுல இருந்து உடம்பெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. பேங்க்ல கையெழுத்துப் போட்டுப் பணம் வர்றது அவனுகளுக்கு எப்படியாவது தெரிஞ்சுரும் சார். என் பேரே தெரிஞ்சிருக்கே. பேரை எங்க இருந்து எடுத்தான்? அதுதான் எனக்குத் தூக்கம் வரல. ரேஷன் கார்டுல இருந்தா, கரண்டு ஆபீஸ்ல இருந்தா?

என்ன கேக்குறீங்க?

எம்மகளுக்குப் போன் வரும்னாங்களே, அதுக்கு எந்த நம்பர் குடுத்தோம்னா? அதை ஏன் கேக்குறீங்க, அங்கயும் ஒரு கூத்து. கன்சல்டன்சில ஃபாரத்துல இவ தன்னோட நம்பரை எழுதிட்டா. நான் விடுவேனா? வயசுப் பொண்ணு நம்பரை அங்க இங்க குடுத்துட்டு, எவன் கையிலயாவது சிக்கி, கண்டவனும் குட் மார்னிங் அனுப்பிக்கிட்டு இருப்பான். இவ ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்துல அந்த 'வெயிட் பண்ணுங்க அங்கிள்' பொண்ணுகிட்டச் சொல்லி என் நம்பரை மாத்தச் சொல்லிட்டேன். பள்ளிக்கூடத்துல இருந்து காலேஜ் வரைக்கும் எம்மகளுக்கு எல்லா எடத்துலயும் என் நம்பர்தான் சார். சும்மா விவரத்துக்குத்தானே. பிருந்தாவுக்கே தெரியாது. தெரிஞ்சா கோவிச்சுக்கும்.

சார், ஏன் அப்படிப் பார்க்குறீங்க?

இல்ல சார், அவங்க கேட்டா பிருந்தான்னுதானே கேப்பாங்க? இவன் கேட்டது என் பேரை. எம்மக பேரு சடையாண்டியா? சடையாண்டி நானு.

எம்மக பாஸ்போர்ட்டா? ஜெராக்ஸ் இருக்கு, பேங்க்குக்கு வேணும்னு எடுத்து வச்சிருக்கேன். இருங்க, பத்திரத்துக்கு அடியில இருக்கு. நீங்களே பாருங்க... நான் படிக்கவா? இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். சர்நேம். சர்நேம்னா என்ன சார்? வீட்டுப் பேரா? நமக்கு ஏது சார் வீட்டுப் பேரு, இனிஷியல்தானே. அந்தக் கட்டத்துல என்ன எழுதன்னு தெரியாம, அப்பா பேரைப் போடுங்கன்னு பாஸ்போர்ட் ஆபீஸ் வாசல்ல எழுதிக் குடுக்கிற ஆளு சொன்னான். அதைத்தான்... எஸ்... ஏ... டி...

சர்நேம், சடையாண்டி. கீழ கிவன் நேம், பிருந்தா.

அவங்க ஊர்ல இதைத்தான் மொதல்ல சொல்லுவாங்களா? சடையாண்டின்னா... எம்மகளையா?

ஒரு நிமிஷம் இருங்க சார்.

அப்ப அந்தப் பொம்பளை கேட்ட பிறந்த தேதி எம்மகளோடது. அந்த மூணு அஞ்சு மூணு... அது அயர்லாந்தா? பார்த்துச் சொல்லுங்க. உங்க போன்ல போட்டுப் பாருங்க... ஆமாவா.

ஐயோ.

நான் கொல்லையில நிக்கிறேன். அவ உள்ள உக்காந்திருக்கா. நடுவுல ஒரு கதவுதான் சார். மடியில வச்சுக்கிட்டுக் காத்துக் கெடந்தாளே, அது என் கையில அடிச்சிருக்கு. ராங் நம்பர்னுட்டேன். அரெஸ்ட்னுட்டேன் சார்! எம்மக பேரைச் சொல்லி, அரெஸ்ட், ஃபிராடுன்னு இந்த வாயாலயே சொல்லிட்டேன். அந்த மனுஷன் 'சாரி?'ன்னு கேட்டான். சாரின்னு கேட்டவனை ஏசிட்டு வச்சுட்டேன்.

தண்ணி இருக்கா? குடுங்க.

இவ்வளவு நேரம் நான் பயந்தது ஒரு பயமா சார்? எவனோ வருவான், எடுத்துட்டுப் போவான்னு பயந்தேன். எடுத்துட்டுப் போனது நான்தானா? எம்மக மூஞ்சியில எப்படி முழிப்பேன்? பஞ்சவர்ணத்துக்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?

இன்னும் நேரம் இருக்கா? அங்க இப்பத்தான் காலையா? நெசமாவா? ஆபீஸ் தொறந்திருப்பாங்களா?

பிளாக்கை எடுக்கத் தெரியுமா உங்களுக்கு? எனக்குப் போடத்தான் தெரியும். இந்தாங்க. எடுத்தாச்சா? இவ்வளவுதானா? இவ்வளவு சுளுவா?

நீங்க பேசுங்க சார். நீங்க நல்லா இங்கிலீஷ் பேசுவீங்க. நான் பேசினா இன்னும் கெட்டுப் போயிரும். நீங்களே... இல்ல. வேணாம். குடுங்க. அரெஸ்ட்னு சொன்ன வாயி இதுதானே, இதுதான் இல்லைன்னும் சொல்லணும். கட் ஆனா மட்டும் மறுபடி போட்டுக் குடுங்க.

முத முதல்ல லைன் கிளியர் வாங்காமக் கையை வைக்கிறேன்.

ரிங் போகுது.

யாரும் எடுக்கல. இல்ல, இல்ல, இருங்க...

ஹலோ. ஹலோ மேடம். குட் மார்னிங். ஐ... நோ, நோ, நான் சடையாண்டி இல்ல மேடம். ஐ ஃபாதர். சடையாண்டி ஃபாதர். நோ போலீஸ் மேடம். போலீஸ், ஐ. மை மிஸ்டேக்கு. சடையாண்டி நோ அரெஸ்ட். சடையாண்டி வீட்ல இருக்கா. சடையாண்டி குட் கேர்ள் மேடம், வெரி குட் கேர்ள். வெயிட்டிங். மண்டே லேருந்து வெயிட்டிங்... சார், என்னமோ கேக்குறாங்க சார். என்னவாம்? நம்பரா? அவ நம்பரா?

சொல்றேன் மேடம், எழுதிக்கங்க. கண்டக்டர், அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க, எம்மக நம்பரைச் சத்தமாச் சொல்லணும்.